இரண்டு மணி நேர இடைவெளி போதுமா?

சீன மூலிகை மருந்தையும் ஆஸ்பத்திரி மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ மலேசியாவிலோ கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சாப்பிடலாம், இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்." சீன மருத்துவர் சொல்வார், மருந்துக்கடைக்காரர் சொல்வார், ஆங்கில மருத்துவம் படித்தவர்களிலும் சிலர் சொல்வார்கள். யாருடைய மனமும் நோகாத பதில் இது. நோயாளிக்கும் நினைவில் வைத்துக்கொள்வது சுலபம். எட்டு மணிக்கு இதய மாத்திரை, பத்து மணிக்குக் கஷாயம் என்று பல வீடுகளில் நாள் ஓடுவது இந்த ஒரு வரியை நம்பித்தான். இந்த வரி எந்த அளவுக்கு நம்பத் தகுந்தது என்பதுதான் கேள்வி.

அது சரியாக இருக்கும் இடத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். இரண்டு பொருட்கள் குடலில் நேருக்கு நேர் சந்தித்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் சேராமலேயே வெளியேறுவது உண்டு. கடுங்காய்ச்சலுக்குச் சீன வைத்தியம் கொடுக்கும் ஷிகாவ் என்பது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். முலி என்பது சிப்பி ஓடு, அதிலும் கால்சியம்தான். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளைக் கால்சியத்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் அவை உடலில் சேர்வது குறைந்துவிடும். துவர்ப்பான கஷாயம் இரும்புச் சத்து மாத்திரையை அதேபோல் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த இடங்களில் இடைவெளி உண்மையிலேயே உதவுகிறது.

உயிருக்கு ஆபத்தாக முடியும் மோதல்கள் பெரும்பாலும் குடலின் உள்ளே நடப்பதில்லை. நாம் விழுங்கும் மாத்திரைகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகள் கல்லீரலிலும் குடல் சுவரிலும் இருக்கின்றன. ஒரு மூலிகை அந்த நொதியை முடக்கினால் மாத்திரை கழியாமல் ரத்தத்தில் தேங்கும். தூண்டிவிட்டால் வேலை செய்வதற்கு முன்பே கழிந்துவிடும். இந்த மாற்றம் நாட்கணக்கில் நீடிக்கக்கூடியது. இதய வால்வு மாற்றியவர்களும் இதயத் துடிப்பு சீர்கெட்டவர்களும் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரினைப் பாருங்கள். ஒரு வேளை விழுங்கியதில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் 40 மணி நேரம் ஆகிறது. நாளில் எந்த நேரத்தில் கஷாயம் குடித்தாலும் வார்ஃபரின் உள்ளே இருந்துகொண்டுதான் இருக்கும். இரண்டு மணி நேரம் அதன் முன் ஒரு பொருட்டே இல்லை.

சான்றுகள் அதிகம் குவிந்திருப்பதும் இந்த வார்ஃபரின் விஷயத்தில்தான். டான்ஷென் என்பது செங்கல் நிறத் தோல் கொண்ட வேர். காய்ந்த வேரைச் சீவல்களாக வெட்டிக் கடைகளில் வைத்திருப்பார்கள். நெஞ்சு வலிக்கும் ரத்த ஓட்டத்துக்கும் சீனர்கள் வழிவழியாக நம்பும் மருந்து. இதய நோயாளிக்கு ஆஸ்பத்திரி வார்ஃபரின் கொடுக்கிறது, வீட்டார் டான்ஷென் கொடுக்கிறார்கள். இரண்டும் ஒரே உடலில் சந்திப்பது தற்செயல் இல்லை. 1990களில் ஹாங்காங் மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி அடுத்தடுத்து ஆய்விதழ்களில் எழுதினார்கள். வார்ஃபரினில் நிலையாக இருந்தவர்கள் டான்ஷென் சேர்த்த சில வாரங்களில் ரத்தம் உறைய ஆகும் நேரம் எல்லை மீறிப்போய், ரத்தக் கசிவோடு வந்து படுத்திருக்கிறார்கள். இதய வால்வு அறுவைக்குப் பின் வந்தவர்களும் அவர்களில் உண்டு.

டாங் குவாய் என்ற இன்னொரு சீன மூலிகை பற்றி 1999-இல் அமெரிக்காவிலிருந்து வந்த அறிக்கை இன்னும் தெளிவானது. 46 வயதுப் பெண், வார்ஃபரினில் நெடுநாள் நிலையாக இருந்தவர். ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு அவருக்கு 2.3, இருக்க வேண்டிய வரம்புக்குள் இருந்தது. மாதவிடாய் நிற்கும் காலத் தொல்லைகளுக்காக டாங் குவாய் மாத்திரை தொடங்கினார். நான்கு வாரங்களில் அளவு 4.9 ஆனது. வேறு எதுவும் மாறவில்லை. மூலிகையை நிறுத்திய பின் மறுபடி 2.5-க்கு அருகில் வந்து நின்றது. தொடங்கியபோது ஏறி, நிறுத்தியபோது இறங்கிய அளவு அது.

ஹாங்காங் அறிக்கைகளில் இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளையும் தொடுவது. வலிக்குத் தடவும் சீனத் தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. ஆஸ்பிரினுக்கு உறவான பொருள். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இதைத் தாராளமாகத் தேய்த்துக்கொண்டதில் ரத்த உறைவு அளவு தாறுமாறாகியிருக்கிறது. தோலில் தடவுவதுதானே என்று விட்டுவிட முடியாது. சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவரும் தைலப் புட்டிகள் தமிழ்நாட்டு அலமாரிகளில் எத்தனை இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதே கவனத்தோடு கேட்க வேண்டும். மேலே சொன்னவை எல்லாம் தனித்தனி நோயாளிகளின் கதைகள். தனிக் கதைகளை வைத்துப் பொதுவிதி எழுதலாமா? நியாயமான கேள்வி. ஃபியூ-பெர்மன், எட்சர்ட் எர்ன்ஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்த மூலிகை–மருந்து மோதல் அறிக்கைகளில் 108 நேர்வுகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு 2001-இல் வெளியிட்டார்கள். நம்பத்தகுந்த விதத்தில் பதிவானவை 14 மட்டுமே. 74 நேர்வுகளில் எந்த முடிவுக்கும் வர இயலாத அளவுக்குத் தகவல் குறைவு. ஜின்செங் விஷயத்தில் குழப்பம் அதிகம். செயற்கை வால்வு பொருத்திய ஒருவருக்கு அது வார்ஃபரினின் வேலையைக் குறைத்தது என்று 1997-இல் ஓர் அறிக்கை வந்தது. 2004-இல் அமெரிக்க ஜின்செங்கை வைத்து 20 ஆரோக்கியமானவர்களிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்திய சோதனை அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு ஆசிய ஜின்செங்கை வைத்து நடந்த இன்னொரு சோதனையில் எந்த விளைவும் தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு இனம், தயாரிப்பும் வேறு. "ஜின்செங் ஆபத்து" என்று ஒற்றை வரியில் எச்சரிப்பவர்கள் எந்த ஜின்செங் என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள். எலியிலும் சோதனைக் குழாயிலும் கண்டதையெல்லாம் தடைப்பட்டியலாக்கி நோயாளியிடம் நீட்டுவதும் நேர்மையான மருத்துவம் ஆகாது.

அப்படியானால் டான்ஷென், டாங் குவாய் எச்சரிக்கையையும் தள்ளிவிடலாமா? கூடாது என்பதே என் முடிவு. வார்ஃபரின் விளைவை எண்ணால் அளக்க முடிகிறது. நோயாளியின் நினைவையோ ஊகத்தையோ நம்ப வேண்டியதில்லை. நிறுத்தியதும் எண் திரும்புகிறது. எல்லாவற்றுக்கும் மேல், அந்த மருந்தில் பிழைக்கு இடமே குறைவு: அளவு சற்றுக் கூடினால் மூளையில் ரத்தக் கசிவு, சற்றுக் குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி. இழப்பது உயிராக இருக்கும்போது, நடுத்தரமான சான்றே நடவடிக்கைக்குப் போதும்.

அதிமதுரத்துக்கு இந்தச் சந்தேகங்கள்கூட இல்லை. கான்சாவ் என்ற பெயரில் சீனக் கஷாயங்களில் மிக அதிகமாகச் சேரும் சரக்கு அதுதான்; மற்றச் சரக்குகளை இணக்கமாக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதன் கிளைசிரைசின் என்ன செய்கிறது என்பது மூலக்கூறு அளவில் தெரிந்துவிட்டது. சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியை அது தடுக்கிறது. விளைவாக உடலில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், ரத்த அழுத்தம் ஏறும். இந்த நிலையில் ஒருவர் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றும். அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்க்கும் மருத்துவர், கஷாயம் பற்றித் தெரியாததால் மாத்திரையைக் கூட்டுகிறார். பொட்டாசியம் மேலும் குறைகிறது. கூடவே இதய மருந்தான டிகாக்சின் இருந்தால், குறைந்த பொட்டாசியத்தில் அது நஞ்சாகி இதயத் துடிப்பையே குலைக்கும். சீனர்கள் பயன்படுத்தும் அதிமதுர இனங்களில் ஒன்று நம் நாட்டுமருந்துக் கடையில் கிடைப்பதேதான். இருமலுக்குக் குச்சியைக் கடிப்பவர் பயப்பட வேண்டியதில்லை, மாதக்கணக்கில் கஷாயம் வைத்துக் குடிப்பவர் யோசிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பாடம் சொல்லும் வரலாறு ஜப்பானுடையது. ஷோசைகோத்தோ என்பது சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய ஷாங் ஹான் லுன் நூலிலிருந்து வந்த ஏழு சரக்குக் கலவை. ஜப்பானில் அதைத் தொழிற்சாலைகளில் ஒரே தரத்தில் குருணையாகச் செய்து, ஆங்கில மருத்துவர்களே எழுதிக்கொடுக்க, தேசியக் காப்பீடு பணம் கட்டியது. நாள்பட்ட கல்லீரல் அழற்சிக்கு அது ஏராளமாகப் பயன்பட்டது. 1990களின் தொடக்கத்தில் ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி பரவியபோது, இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் சிலருக்கு வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் வந்தன. நுரையீரல் திசுவிலேயே அழற்சி. 1994-இல் இன்டர்ஃபெரானோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். 1996 மார்ச்சில் சுகாதார அமைச்சகம் அவசர எச்சரிக்கை விட்டபோது கணக்கில் இருந்தவர்கள் 88 பேர். இறந்தவர்கள் 10 பேர். இன்டர்ஃபெரான் இல்லாமல் ஷோசைகோத்தோ மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் இந்த நோய் வந்திருந்தது.

சீன மருந்தை எதிர்ப்பவர்கள் இந்த எண்களைக் காட்டி, பார்த்தீர்களா என்கிறார்கள். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். ஜப்பானின் கணக்கு மோசமாகத் தெரியக் காரணம், ஜப்பான் கணக்கு வைத்திருந்ததுதான். எல்லாப் பொட்டலத்திலும் ஒரே பொருள், ஒரே அளவு. எழுதிக்கொடுத்தவர் மருத்துவர், கொடுத்ததற்குப் பதிவு உண்டு, மோசமான விளைவைத் தெரிவிக்க வழி உண்டு. அதனால் கண்டுபிடிக்க முடிந்தது, நிறுத்தவும் முடிந்தது. ஆளுக்கொரு கலவையாகக் கடையில் நிறுத்துக் கட்டிக்கொடுக்கும் ஊரில் இதே பத்துப் பேர் இறந்திருந்தால், பத்தும் நோயின் கணக்கிலேயே போயிருக்கும். "எங்கள் ஊரில் இப்படி எதுவும் கேள்விப்பட்டதில்லை" என்ற வாதத்துக்கு நான் மதிப்புக் கொடுக்காததற்குக் காரணம் இதுதான்.

மூலிகையின் குணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் இன்னொரு பெரிய ஆபத்து மறைந்துபோகிறது: பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது. ஷியாவ்கெ மாத்திரையைப் பாருங்கள். சீனாவில் சர்க்கரை நோய்க்குச் சட்டப்படி, வெகுவாக விற்கும் மருந்து. சிறு கறுப்பு உருண்டைகள். சேர்மானத்தில் ஏழு சரக்குகள்: கெகென் கிழங்கு, திஹுவாங், ஹுவாங்சி வேர், மக்காச்சோள நார் என்று வரிசையாகப் போகும். எட்டாவதாகக் கிளிபென்கிளமைடு, பத்து உருண்டைக்கு 2.5 மில்லிகிராம். நம் ஊரில் சர்க்கரை நோயாளிக்கு எழுதிக்கொடுக்கும் அதே ஆங்கில மருந்து. மூன்று வேளையும் பத்துப் பத்தாகச் சாப்பிட்டால் நாளுக்கு 7.5 மில்லிகிராம் ஆகிறது. மருத்துவர் கொடுத்த சர்க்கரை மாத்திரையோடு "மூலிகைதானே" என்று இதையும் சேர்ப்பவருக்கு ரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கும். இந்த மாத்திரையைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. 2013-இல் வெளியான 800 பேர் சோதனையில், கிளிபென்கிளமைடைத் தனியாகச் சாப்பிட்டவர்களைவிட ஷியாவ்கெ சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை தாழ்வது குறைவாகவே இருந்தது. சீட்டைப் படித்துக் கொடுத்தால் அது ஒரு மருந்து. படிக்காமல் சாப்பிட்டால் இரட்டை டோஸ். சளிக்கு விற்கும் கன்மாவ்லிங் குருணையில் பாராசிட்டமால் இருப்பதும் இதே வகை.

இவை சீட்டில் அச்சிட்டவை. அச்சிடாதவை இன்னும் மோசம். தைவானில் எட்டுப் பெரிய மருத்துவமனைகள் சேகரித்த 2,609 சீன மருந்து மாதிரிகளைச் சோதித்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், 23.7 விழுக்காட்டில் ஆங்கில மருந்துகள் கள்ளத்தனமாகக் கலந்திருந்தன. அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோயாளிகள் நம்பிச் சாப்பிட்ட பி.சி.-ஸ்பெஸ் என்ற எட்டு மூலிகைக் கூட்டில் வார்ஃபரினே இருந்தது தெரியவந்து, 2002-இல் சந்தையை விட்டு எடுத்தார்கள். சிங்கப்பூரில் 2008-இன் முதல் ஐந்து மாதங்களில், சர்க்கரை நோயே இல்லாத ஏறக்குறைய 150 பேர் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள்; நால்வர் இறந்தார்கள். ஆண்மை மருந்து என்று திருட்டுத்தனமாக விற்ற பொருட்களில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் மெலிய மருந்து சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. பசியடக்கும் ஆங்கில மாத்திரைகளோடு சீன மூலிகைத் தூள் கலந்த கூட்டு அது. ஃபாங்ஜி வேருக்குப் பதில் அரிஸ்டலோக்கிக் அமிலம் கொண்ட வேறொரு வேர் சேர்ந்திருந்தது. பின்னாளில் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இந்த நான்கு இடங்களிலும் மருத்துவரால் இடைவினை அட்டவணையைப் பார்த்து நோயாளியைக் காப்பாற்றியிருக்க முடியாது. எதற்கு எதிராகப் பார்ப்பது என்றே தெரியாதே.

இரண்டாயிரம் ஆண்டு அனுபவம் இருக்கிறது என்பது சீன மருத்துவர்களின் இறுதி வாதம். அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். சேரக் கூடாத சரக்குகளைப் "பதினெட்டு எதிர்ப்பு, பத்தொன்பது அச்சம்" என்று பட்டியல் போட்டு மாணவர்களை மனப்பாடம் செய்ய வைத்த மரபு அது. எல்லாவற்றையும் இணக்கமாக்கும் என்று சொன்ன கான்சாவையே கன்சுய், ஹைசாவ் உள்ளிட்ட சிலவற்றோடு சேர்க்காதே என்று அந்தப் பட்டியல் தடுக்கிறது. மருந்தோடு மருந்து மோதும் என்பதை அந்த மரபு ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் வார்ஃபரின் மனிதர்களுக்கு மருந்தாக வந்தது 1954-இல். உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் அதற்கும் நாற்பது ஆண்டுகள் பின்னால். இவற்றோடு கஷாயத்தைச் சேர்த்துப் பார்த்த முன்னோர் எவரும் இல்லை. அனுபவத்தின் பெயரால் உறுதி சொல்லும் உரிமை இங்கே யாருக்கும் கிடையாது.

சேர்க்கையே தவறு என்று சொல்லவும் முடியாது. டாக்ரோலிமஸ் விலை உயர்ந்த மருந்து. ஊஜி எனப்படும் தென்பகுதி ஷிசாண்ட்ரா பழச் சாறு அதன் ரத்த அளவை வெகுவாகக் கூட்டுகிறது. 12 பேரிடம் நடந்த சோதனையில் இரண்டரை மடங்குக்கும் மேல். சீன மருத்துவமனைகளில் சிலர் இதை வேண்டுமென்றே பயன்படுத்தி, குறைந்த டாக்ரோலிமஸில் அதே பலனைப் பெறுகிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் யுங்-சி செங், ஹுவாங் சின் தாங் என்ற நான்கு சரக்குக் கஷாயத்தைத் தரப்படுத்தி, புற்றுநோய் மருந்து இரினோடெகானோடு கொடுத்து, குடலைக் காக்கிறதா என்று பல ஆண்டுகளாகச் சோதித்தவர். இவர்கள் செய்வதும் சேர்க்கைதான். ஆனால் இன்ன பொருள், இன்ன அளவு, இன்ன நாளில் ரத்தப் பரிசோதனை என்று தெரிந்து செய்கிறார்கள். ஊஜியை ஒரு நோயாளி யாருக்கும் சொல்லாமல் சாப்பிட்டால் டாக்ரோலிமஸ் கூடிச் சிறுநீரகம் கெடும். மருத்துவர் டாக்ரோலிமஸைக் குறைத்த பிறகு, யாருக்கும் சொல்லாமல் ஊஜியை நிறுத்தினால் பொருத்திய உறுப்பையே உடல் நிராகரிக்கும். தொடங்குவது எவ்வளவு ஆபத்தோ அவ்வளவு ஆபத்து நிறுத்துவதிலும் உண்டு. இடைவெளிக் கணக்குச் சொல்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

பொறுப்பு யாருடையது என்றும் பார்க்க வேண்டும். சீனாவில் ஆயத்த மூலிகை மருந்துகளை ஆங்கில மருத்துவர்கள் சரளமாக எழுதிக்கொடுத்து வந்தார்கள். சீன மருத்துவத்தில் குறைந்தது ஓராண்டுப் படிப்பு முடித்திருக்க வேண்டும் என்ற விதி 2019-இல்தான் வந்தது. ஹாங்காங் 2014 முதல் சில பொது மருத்துவமனைகளில் பக்கவாதம், முதுகுவலி, புற்றுநோய் நோயாளிகளுக்கு இரு முறை மருத்துவர்களும் சேர்ந்து பார்க்கும் ஏற்பாட்டை நடத்துகிறது. நோயாளியின் ஒரே கோப்பை இருவரும் பார்ப்பது நான் கண்டவற்றில் நல்ல வழி. மற்ற இடங்களில், கஷாயம் என்றாலே முகம் சுளிக்கும் ஆங்கில மருத்துவரும் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டுப் பார்க்காத சீன மருத்துவரும் சேர்ந்து நோயாளியை ஊமையாக்கியிருக்கிறார்கள். திட்டுவார் என்று பயந்து மறைக்கும் நோயாளியின் உடலில் என்ன நடக்கிறது என்பது இருவருக்குமே தெரியாது.

என் தீர்ப்பு இது. வார்ஃபரின், டிகாக்சின், உறுப்பு மாற்றியவர்களுக்கான சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், வலிப்புக்கான பினைட்டாயின், புற்றுநோய்க்கான கீமோ மருந்துகள் ஆகியவற்றில் எதையேனும் சாப்பிடுபவர், மருந்தை எழுதிய மருத்துவருக்குத் தெரியாமலும் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ரத்தப் பரிசோதனை இல்லாமலும் சீன மூலிகை சேர்க்கக் கூடாது. இடைவெளி விட்டாலும் கூடாது. சீட்டு இல்லாத, உரிமம் இல்லாத பொட்டலம் யாருக்குமே வேண்டாம். கல்லீரலும் சிறுநீரகமும் நன்றாக இருக்கும் மற்றவர்கள், பெயர் தெரிந்த, பதிவு பெற்ற மருந்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறுகிய காலம் சாப்பிடுவதைத் தடுக்க வலுவான சான்று இல்லை. இரண்டு மணி நேர இடைவெளியைக் கால்சியமும் இரும்பும் சம்பந்தப்பட்ட இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பொதுப் பாதுகாப்பு விதியாக அதைச் சொல்வதை மருத்துவர்கள் கைவிட வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா வாசகர்களுக்கும், அங்கிருந்து மருந்து வரவழைக்கும் இங்குள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது டப்பாவையோ பொட்டலத்தையோ கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பெயரைச் சொல்வதைவிட சேர்மானத்தைக் காட்டுவது மேல். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.